ஏழு வேளைச் சாப்பாடு: பள்ளி முகாமில் யார் சமைப்பது?

பள்ளிப் பிள்ளைகளை இரண்டு இரவு வெளியில் தங்கவைக்கும் இயற்கைக் கல்வி முகாமுக்குத் திட்டமிடும்போது, இடம், வாகனம், வழிகாட்டிகள், மலையேற்றம், இரவு வானம் பார்த்தல் ஆகிய எல்லாம் முடிவான பிறகே சாப்பாட்டைப் பற்றிய பேச்சு எழுகிறது. அதற்குள் இடத்துக்கு முன்பணம் கட்டியாகிவிடுவதால், அந்த இடத்தில் எது முடியுமோ அதுவே உணவுத் திட்டமாகவும் ஆகிவிடுகிறது. இத்தகைய முகாம்களின் ஏற்பாட்டுக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில், சாப்பாட்டைப் பற்றிய முடிவை இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே எடுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே உறங்கப் போகும் பத்து வயதுக் குழந்தைக்கு, அந்த மூன்று நாள்களும் நல்லபடியாகக் கழிவதில் சாப்பாட்டின் பங்கு மிகப் பெரியது.

எடுத்துக்காட்டாக, பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 60 பிள்ளைகள் முதல் நாள் முற்பகலில் வந்து, மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரண்டு வேளை, இரண்டாம் நாள் மூன்று வேளை, மூன்றாம் நாள் இரண்டு வேளை என மொத்தம் ஏழு வேளை. பெரும்பாலான குழுக்கள் இந்த ஏழுக்கும் சேர்த்து ஒரே முடிவை எடுக்கின்றன. முகாம் நிலையத்துச் சமையற்கூடத்திடம் ஒப்படைப்பது, வெளியிலிருந்து கேட்டரிங் நிறுவனத்தை வரவழைப்பது, ஆசிரியர்களும் பெற்றோரும் சமைப்பது, பிள்ளைகளே சமைப்பது, வீட்டிலிருந்து கட்டிக் கொடுப்பது ஆகிய ஐந்து வழிகளில் எது சிறந்தது என்று அவை விவாதிக்கின்றன. கேள்வியே சற்றுப் பிழையானது என்பது என் கருத்து. ஐந்துக்கும் ஏற்ற வேளை என்று ஒன்று உண்டு. எந்த வேளைக்கு எது பொருந்தும் என்று பார்த்தால் விவாதம் எளிதில் முடிந்துவிடுகிறது.

ஒப்பிடுவதற்கு முதல் அளவுகோலாக நான் வைப்பது நேரத்தை: அடுப்பிலிருந்து உணவு இறங்கிய கணத்துக்கும் கடைசிக் குழந்தையின் தட்டில் அது விழும் கணத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரம் முழுதும் உணவு என்ன வெப்பத்தில் இருக்கிறது என்பது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்படி, சமைத்த உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேலோ 5 டிகிரிக்குக் கீழோ இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. வீட்டில் நான்கு பேருக்குச் சமைக்கும்போது இந்த விதியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, ஏனெனில் இறக்கிய அரை மணியில் சாப்பிட்டு முடித்துவிடுகிறோம். 60 பிள்ளைகள், ஒரே வரிசை, மழை, நடைப்பயணத்திலிருந்து தாமதமாகத் திரும்பும் ஒரு குழு என்று வரும்போதுதான் இரண்டு மணி நேரம் எவ்வளவு விரைவில் கரைகிறது என்பது தெரிகிறது.

இந்த அளவுகோலில் மிகவும் தடுமாறுவது வெளியிலிருந்து கொண்டுவரப்படும் கேட்டரிங் உணவு. அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது: ஆசிரியர்களுக்குச் சமையல் வேலை இல்லை, பாத்திரம் கழுவ வேண்டியதில்லை, பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பெரிய அண்டாவில் சமைத்த குழம்பு நடுப்பகுதியில் மிக மெதுவாகவே ஆறும். கொதியில் சாகாத க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் (ஸ்போர்கள்), குழம்பு அப்படி மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். இறைச்சிக் குழம்புகளில் இது அதிகம். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுப்போக்கு தொடங்கும் என்பதால், இரவு உணவில் பிழை நேர்ந்தால் நள்ளிரவுக்குப் பின் கூடாரங்களில் அது வெளிப்படக்கூடும். சோற்றில் வேறொரு சிக்கல் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர், அறை வெப்பத்தில் கிடக்கும் சோற்றில் ஒரு நஞ்சை உண்டாக்குகிறது. மறுபடி சூடாக்கினால் அந்த நஞ்சு அழிவதில்லை. ஆகவே 'வந்து சேர்ந்ததும் ஒரு கொதி விட்டுக்கொள்ளலாம்' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ஒரு முகாமில் இரவு ஏழு மணிக்கு வர வேண்டிய உணவு, வழியில் வண்டி நின்றுபோனதால் எட்டரைக்கு வந்தது. மூடியைத் திறந்தபோது மேலே ஆவி பறந்தது. வெப்பமானியை நடுவில் இறக்கிப் பார்த்தபோது 44 டிகிரி காட்டியது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வெந்ததா என்று பார்ப்பதற்கு முழு உண்மை. சூட்டுக்கு அது பொருந்தாது. ஓரத்தில் ஒரு சூடு, நடுவில் ஒரு சூடு இருக்கும். அன்று அந்த உணவைப் பரிமாறவில்லை. ரொட்டியும் பழமும் கொடுத்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். பசியோடு உறங்கிய பிள்ளைகளின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது, ஆயினும் அந்த முடிவு சரியானது என்றே இப்போதும் கருதுகிறேன். கேட்டரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், சமைக்கும் இடத்திலிருந்து முகாம் வரை ஒரு மணிக்குள் வந்துவிடும் தொலைவா, வெப்பம் காக்கும் பெட்டிகள் உண்டா, அவற்றை வெந்நீரால் முன்கூட்டிச் சூடேற்றி விளிம்பு வரை நிரப்புகிறார்களா என்று கேளுங்கள். பாதி நிரம்பிய பெட்டி விரைவில் ஆறிவிடும். வந்திறங்கும் ஒவ்வொரு பாத்திரத்தின் நடுவிலும் வெப்பம் பார்த்து எழுதிவைக்க ஒருவரை நியமியுங்கள்.

முகாம் நிலையத்துச் சமையற்கூடம் இந்த வகையில் வெகுவாக முன்னிற்கிறது. அடுப்புக்கும் பந்திக்கும் இடையே சில அடிகளே; குளிர்பதன அறை உண்டு, நல்ல குழாய்நீர் உண்டு, பாத்திரம் கழுவ இடம் உண்டு, வாரந்தோறும் இதே எண்ணிக்கைக்குச் சமைத்துப் பழகிய கைகள் உண்டு. இரண்டு இரவு உணவுகளையும் இரண்டு காலை உணவுகளையும் தயங்காமல் இங்கே ஒப்படைக்கலாம். இதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தச் சமையலர்களுக்கு உங்கள் பிள்ளைகளைத் தெரியாது. ஒரு தாய் ஒவ்வாமை பற்றிப் படிவத்தில் எழுதுவதை வகுப்பாசிரியர் பட்டியலில் சேர்க்கிறார். பட்டியல் நிலைய அலுவலகத்துக்குப் போகிறது. அலுவலகம் தலைமைச் சமையலருக்குச் சொல்கிறது. சனிக்கிழமை மாலை கரண்டி பிடிப்பவரோ வேறொருவர். நான்கு கை மாறும் செய்தியில் ஒரு சொல் தவறினாலும், 'பால் ஒவ்வாமை' என்பது 'பால் பிடிக்காது' என்று ஆகிவிடும். இரண்டுக்கும் இடையே ஓர் உயிர் இருக்கிறது.

இதற்காக நான் கடைப்பிடிக்கும் வழி எளியது. முதல் நாள், முதல் பந்திக்கு அரை மணி முன்னதாக, ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு குழந்தையையும் அன்று பரிமாறப்போகும் சமையலரிடம் நேரில் அழைத்துச் சென்று அறிமுகம் செய்கிறேன். சமையலர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார். குழந்தையும் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறாள். பால், முட்டை, மீன், நண்டு இறால் வகைகள், நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், எள், கோதுமை ஆகியவையே கடும் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமானவை. இவற்றில் எவை அன்றைய உணவில் உள்ளன என்று வேளைக்கு வேளை எழுதி ஒட்டச் சொல்லலாம். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசிப் பேனா வைத்திருக்கும் குழந்தையோடு அந்தப் பேனாக்கள் எப்போதும் கூடவே போக வேண்டும். அலுவலகத்துப் பூட்டிய அலமாரியிலோ வெயிலில் நிற்கும் பேருந்திலோ அவை இருந்து பயனில்லை.

ஒவ்வாமையிலிருந்து வேறுபட்டது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் மிகச் சிறிதளவு சேர்ந்தாலும் அக்குழந்தையின் குடல் சேதமடையும். குளூட்டன் இல்லாதது என்று விற்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர விதி. ஒரே கரண்டியை இரண்டு பாத்திரங்களுக்கும் பயன்படுத்தும் பந்தியில் அந்த அளவு எளிதில் மீறப்படும் என்பதால், இக்குழந்தைகளுக்கு எல்லோருக்கும் முன்பாகப் பரிமாறிவிடுவது நல்லது.

ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து சமைக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மனம் நல்ல மனம்தான். ஆனால் வீட்டில் நன்றாகச் சமைப்பவருக்கு 60 பேருக்கான அளவு பிடிபடாது; காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்த ஆசிரியர் பத்து மணிக்கு ஆற்றங்கரையில் பிள்ளைகளைக் கவனிக்கும்போது களைத்திருப்பார். கண்காணிப்பில் ஒரு கண் குறைவதற்கு நான் உடன்பட மாட்டேன். இருபது பிள்ளைகளுக்குக் குறைவான சிறு முகாமில், சமையலுக்கென்றே இருவர் வந்து வேறெந்தப் பொறுப்பும் ஏற்காமல் இருந்தால் இது நன்றாகவே நடக்கும்.

வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் உணவு முதல் நாள் மதியத்துக்கு மட்டும் ஏற்றது. அந்த வேளைக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. காலையில் வீட்டில் கட்டியதை நான்கைந்து மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவார்கள் என்பதால், வெயிலில் கெடாத உலர்ந்த வகையாக இருந்தால் போதும். நிலையத்துக்கும் வந்திறங்கிய பரபரப்பில் ஒரு பந்தி மிச்சம். பழகிய சுவையோடு புதிய இடத்தில் அமர்வது பிள்ளைக்கும் ஓர் ஆறுதல். அதற்கு மேல் நீட்டித்தால், குளிர்ப்பெட்டி இல்லாத இடத்தில் உணவு கெடுவதோடு, யார் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று தட்டுக்குத் தட்டு ஒப்பிடும் வருத்தமும் தொடங்கிவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கடுமையான பல ஒவ்வாமைகள் உள்ள குழந்தைக்கும், குறிப்பிட்ட நான்கைந்து உணவுகளைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க இயலாத குழந்தைக்கும், ஏழு வேளை உணவையும் வீட்டிலிருந்தே அனுப்பப் பெற்றோர் விரும்பினால் குழு அதை மனமின்றிச் செய்யும் ஏற்பாடாக நினைக்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் பெயர் எழுதிய தனித்தட்டு ஒன்றையும், சூடாக்கித் தரும் பொறுப்பை ஒருவருக்கும் ஒதுக்கினால், அந்தக் குழந்தை முகாமுக்கு வரமுடிகிறது. இந்த ஏற்பாட்டின் அவசியம் படிவத்திலேயே தெரியவர வேண்டும். பெரும்பாலான படிவங்கள் 'எதைச் சாப்பிடக் கூடாது' என்று மட்டும் கேட்கின்றன. 'களைத்திருக்கும்போதும் வீட்டு நினைப்பில் இருக்கும்போதும் எதைச் சாப்பிடுவாள்' என்ற ஒரு வரியைச் சேர்த்த பிறகு எங்கள் முகாம்களில் உண்ணாமல் எழும் பிள்ளைகள் கண்கூடாகக் குறைந்தார்கள். சமய வழக்கத்தால் சிலவற்றைத் தவிர்க்கும் குடும்பங்களின் விவரமும் அந்த வரியில்தான் நயமாக வெளிவருகிறது.

இனி, பிள்ளைகளே சமைப்பது. என் மனம் மிகவும் சாய்வது இதன் பக்கம் என்பதால், இதைத்தான் மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆறு பேர் கொண்ட குழு ஒன்று தண்ணீர் பிடித்து, காய் நறுக்கி, அடுப்பு மூட்டி, காத்திருந்து, பகிர்ந்து, பாத்திரம் தேய்த்து முடிக்கும் இரண்டரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வதை வகுப்பறையில் ஒரு பருவம் முழுதும் சொல்லிக் கொடுத்தாலும் கற்பிக்க இயலாது. தான் கிளறிய உணவைப் பிடிவாதக்காரக் குழந்தையும் சுவைத்துப் பார்க்கிறது. தீயைக் கண்டு அஞ்சிய குழந்தை அதைக் கையாளப் பழகுகிறது. ஆனால் இரவு இருட்டியபின், பசித்துக் களைத்த பிள்ளைகளிடம் அடுப்பைக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். இதற்குரிய வேளை இரண்டாம் நாள் மதியம்: வெளிச்சம் இருக்கும், நேரம் இருக்கும், சமையலில் பிழை நேர்ந்தாலும் இரவு உணவைச் சமையற்கூடம் பார்த்துக்கொள்ளும்.

எந்த அடுப்பு என்பதும் ஒரு முடிவு. ஸ்பிரிட் அடுப்பு எளிமையானது, கவிழ்ந்தாலும் பெரிதாக வெடிக்காது என்று சிலர் விரும்புகிறார்கள். ஆனால் அதன் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரிபொருளை ஊற்றும்போது தீ பாய்ந்து ஏற்படும் காயங்கள் இந்த அடுப்பின் பெரிய ஆபத்து. பத்து வயதினருக்கு, குமிழைத் திருப்பினால் அணையும் கேஸ் அடுப்பே பொருத்தம் என்பது என் தீர்மானம். விறகுத்தீ அழகானது, ஆயினும் வறண்ட பருவத்தில் காட்டுப்பகுதிகளில் தடை இருக்கலாம். எந்த அடுப்பானாலும் கூடாரத்துக்குள் ஒரு நிமிடமும் எரியக் கூடாது. மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு அங்கே நிறைந்து உயிரைப் பறிக்கும். சமைக்கும் இடத்தருகே ஓடும் தண்ணீர் இருக்க வேண்டும், ஏனெனில் சுட்டுக்கொண்ட கையைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் வைத்திருப்பதே முதலுதவி.

என்ன சமைப்பது என்பதில் ஆசை காட்டக் கூடாது. பச்சை இறைச்சி வேண்டாம். சிவப்பு ராஜ்மா போன்ற அவரையினங்களும் வேண்டாம்: அவற்றிலுள்ள இயற்கை நஞ்சு நீங்க, ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, அரை மணி நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், சிறு அடுப்பின் மெல்லிய சூட்டில் பாதி வெந்தவை பச்சையாக இருப்பதைவிட மோசமாகக்கூடும். உயரமான மலையில் முகாம் என்றால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது. 2000 மீட்டரில் அது 93 டிகிரி அளவே. பருப்பு வேகாததற்குப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. விரைவில் வேகும் சேமியா, நூடுல்ஸ், காய்கறி சூப், முட்டை, அடுப்பே தேவைப்படாத பழக்கலவை ஆகியவை போதும். ஆற்றுநீரோ ஊற்றுநீரோதான் கிடைக்கும் என்றால் ஒரு நிமிடம் நன்கு தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

குழுவில் ஒரு குழந்தைக்கு ஒவ்வாமை என்றால், அந்தக் குழு முழுவதற்கும் அப்பொருள் இல்லாத சமையலையே கொடுப்பேன். ஒருத்திக்கு மட்டும் தனிச்சட்டி வைத்து அவளை ஓரமாக அமரச்செய்வது இந்த முறையின் நோக்கத்தையே கெடுக்கும். கை கழுவுவதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கி முகாம்களில் வேகமாகப் பரவும் நோரோ வைரஸ் ஆல்கஹால் கலந்த சானிடைசருக்கு உறுதியாக அடங்குவதில்லை என்பதால், சோப்பும் தண்ணீருமே வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்ட பிள்ளையும் பெரியவரும், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையல் பக்கம் வரக் கூடாது. இரண்டு இரவு முகாமில் அதன் பொருள், மீதி நாள் முழுதும் என்பதே.

அளவு பற்றி ஒன்று. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் இணைந்து 2004-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த வயதினருக்கு நடுத்தர உடலுழைப்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2000 முதல் 2350 கிலோகலோரி தேவை. உழைப்பு மிகும்போது சுமார் 15 விழுக்காடு கூடுதல். முகாம் நாள் என்பது மிகுந்த உழைப்புள்ள நாள். பள்ளி மதிய உணவின் அளவை வைத்து நிலையத்தோடு ஒப்பந்தம் செய்யும் குழுக்கள் இரண்டாம் நாள் மாலையில் வருந்துகின்றன. 'இரண்டாம் முறை கேட்டால் கிடைக்குமா' என்ற கேள்வியை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். பந்திக்கு முந்து என்று நம் பெரியவர்கள் சொன்னது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. முண்டியடிப்பவன் இருமுறை உண்பான், ஒதுங்கி நிற்பவள் மீந்ததை உண்பாள். ஆகவே வரிசை முறையைவிட, ஆறு பேருக்கு ஒரு பாத்திரம் என்று நடுவில் வைத்து ஓர் ஆசிரியர் உடன் அமர்ந்து உண்ணும் முறையை நான் விரும்புகிறேன். யார் உண்ணவில்லை என்பது அந்த ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

படுக்கைக்கு முன் சிறிது பாலோ ரொட்டியோ பழமோ தருவதை எல்லா முறைகளிலும் கட்டாயமாக வைத்துக்கொள்ளலாம். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இது இன்னும் முக்கியமாகலாம்: பகல் முழுதும் நடந்த உடலில் இரவு உறக்கத்தின்போதுகூட இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். அக்குழந்தையின் மருத்துவர் வகுத்த திட்டத்தையும், ஒவ்வொரு வேளையிலும் உள்ள மாவுச்சத்தின் அளவையும், உணவு எத்தனை மணிக்கு என்பதையும் பெற்றோரிடம் முன்கூட்டியே பகிர வேண்டும். உணவு நேரம் நிச்சயமில்லாத கேட்டரிங் முறையை நான் ஒதுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, நிலையத்தில் நல்ல சமையற்கூடம் இருக்குமானால் என் பரிந்துரை இது: முதல் நாள் மதியம் வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த உலர்ந்த உணவு, இரண்டு இரவுகளும் இரண்டு காலைகளும் நிலையத்துச் சமையற்கூடம், இரண்டாம் நாள் மதியம் பிள்ளைகளின் சமையல், மூன்றாம் நாள் மதியம், பேருந்தில் ஏறும் முன் கையில் எடுத்துச் சாப்பிடக்கூடிய எளிய உணவு, அதுவும் அன்று காலை அதே சமையற்கூடத்தில் கட்டியது. கிளம்பும் நாளில் சூடான பெரிய பந்தி வைப்பதைப் பலரும் விரும்புகிறார்கள். வளைந்து இறங்கும் சாலையில் வயிறு நிறைந்த அறுபது பிள்ளைகளோடு பயணம் செய்தவர்கள் அதை மறுமுறை கேட்பதில்லை. சமையற்கூடம் இல்லாத இடம்தான் கிடைக்கிறதென்றால், கேட்டரிங்கை இரவு உணவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காலை வேளைகளைச் சமைக்கத் தேவையில்லாத உணவாக மாற்றி, அதற்கும் வழியில்லை என்றால் முகாமை ஓர் இரவாகக் குறைக்கும்படி குழுவிடம் கேட்பேன்.